லுகுப்ரியஸும் துக்க வீடும்

மகன் பள்ளியில் வாராவாரம் ஆங்கிலச் சொற்பட்டியல் கொடுத்து பொருள், மூலம், வாக்கியம் எல்லாம் எழுதி வரச் சொல்கிறார்கள், சரி, ஆனால் எந்தச் சொல்லை எங்கே சொல்லக்கூடாது என்று ஒருவரும் சொல்லித் தருவதில்லையே! இந்த வாரம் 'லுகுப்ரியஸ்' (lugubrious). துக்கம் கொண்டாடுவதைக் குறிக்கும் 'லூகேரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. பொருள், 'சோகமான'. தாளில் இருந்த உதாரணம்: 'அவர் லுகுப்ரியஸாக இருந்தார்.' இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? டர்பனில், இங்கே சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருவிலேயே ஒரு சாவு. மகன் அனுதாப அட்டையில் அந்த வீட்டு ஆன்ட்டியை அப்படியே வர்ணித்து வைத்திருக்கிறான். கொஞ்சம் மிகையாக, பார்க்கிறவருக்குச் சிரிப்பே வரும்படி மூஞ்சியைத் தொங்கப்போடுவதற்குத்தான் அந்தச் சொல் பெரும்பாலும் வரும். நல்லவேளை, அட்டை வாசலைத் தாண்டவில்லை. இந்த லட்சணத்தில் மூலம் எழுதாவிட்டால் மார்க் வேறு குறைப்பார்களாம்.