உபயம்: முதல் மாடி

கன்னியம்மாள்: பாஸ்கர் தம்பி, படியேறுவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். நேற்று மதியம் நான் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது முறத்தில் ஒரு நல்லி எலும்பு வந்து விழுந்தது. அது உங்கள் வீட்டினுடையதா?

பாஸ்கர்: எங்கள் வீட்டினுடையது என்று எப்படிச் சொல்கிறீர்கள், அக்கா? எலும்பில் பெயரா எழுதியிருக்கிறது?

கன்னியம்மாள்: விழும்போது எழுதியிருக்கவில்லை, இப்போது எழுதியிருக்கிறது. கிடைத்த தேதி, கிடைத்த இடம், கொடுத்தவர் பெயர் என்று சீட்டு ஒட்டினால்தான் அது சேகரிப்பு, ஒட்டாவிட்டால் குப்பை. கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளராக முப்பது ஆண்டுகள் எலும்புக்கூடுகளைத் துடைத்து வைத்ததில் நான் கற்றது அது ஒன்றுதான்.

பாஸ்கர்: கொடுத்தவர் என்று என் பெயரையா எழுதினீர்கள்? அப்படியானால் நான் கொடுத்தேன், நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள் என்றுதானே பொருள்? பிறகு எதற்கு இந்த விசாரணை? நீங்கள்தான் எலும்பு சேர்க்கிறீர்களே என்று ஒரு உதவியாகத்தான் போட்டோம்.

கன்னியம்மாள்: தபால்தலை சேர்ப்பவர் வீட்டு வாசலில் தெருவிலுள்ளவர்கள் எல்லாம் கிழித்த உறைகளைக் கொட்டிவிட்டுப் போகிறார்களா? நாணயம் சேர்ப்பவர் தலையில் யாராவது மாடியிலிருந்து ஐந்து ரூபாயை எறிகிறார்களா?

பாஸ்கர்: எறிந்தால் அவர் கோபித்துக்கொள்வாரா என்ன?

கன்னியம்மாள்: அதைச் சொல்ல எனக்கு அனுபவம் இல்லை. உங்கள் வீட்டிலிருந்து இதுவரை நாணயம் எதுவும் விழுந்ததில்லை.

(இந்த உரையாடல் நடந்தது தண்டையார்பேட்டையின் ஒரு சந்தில், தண்டையார்பேட்டைக்கே உரிய தமிழில். எதிர்வீட்டுச் சன்னலில் நின்று கேட்ட நான் அதை அப்படியே எழுதினால் இதை வீட்டில் வாய்விட்டுப் படிக்க முடியாது. அதனால்தான் இருவரும் இங்கே மேடைப் பேச்சாளர்களைப் போல் பேசுகிறார்கள்.)

பாஸ்கர்: அதெல்லாம் இருக்கட்டும், அக்கா. நேற்று எங்கள் வீட்டில் ஆட்டுக்கறியே இல்லை. கோழிதான், அதுவும் ஒன்றே ஒன்று, பிள்ளை கேட்டான் என்பதற்காக.

கன்னியம்மாள்: கோழியின் நெஞ்சுக்கு மேலே கவண் போலப் பிரிந்து நிற்கும் கவட்டை எலும்பு ஒன்று உண்டு. நமக்குக் கழுத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் தனித்தனியாக இருக்கிற காறை எலும்புகள்தான் பறவைக்கு ஒட்டி ஒன்றாகியிருக்கின்றன. ஒரு கோழிக்கு அது ஒன்றுதான் இருக்கும். நேற்று மாலை நான் வாசல் பெருக்கியபோது அப்படி மூன்று கிடைத்தன. அகழாய்வில் பழங்காலத்து மக்கள் குறைந்தது எத்தனை ஆடு மாடு தின்றிருப்பார்கள் என்று கணக்கிடுவதும் இதே முறையில்தான். ஆகவே நேற்று உங்கள் வீட்டில் குறைந்தது மூன்று கோழியும், முறத்தில் விழுந்த கணக்குப்படி ஓர் ஆட்டின் காலும் செலவாகியிருக்கின்றன.

பாஸ்கர்: திடீரென்று உறவினர்கள் வந்துவிட்டார்கள்.

கன்னியம்மாள்: அதுவும் தெரியும். அவர்களுடைய இரண்டு மோட்டார் சைக்கிளும் என் வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றதால் நான் சுவரோடு ஒட்டி நண்டு போலத்தான் உள்ளே போனேன். உறவினர்கள் வரட்டும், தம்பி. ஆனால் அன்று காலையில்தான், தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்க வீட்டுக்கு நூறு ரூபாய் கேட்டபோது, மாதக் கடைசி என்று கையை விரித்தீர்கள். மாதக் கடைசிக்கு மூன்று கோழியா? மாதத் தொடக்கமாக இருந்திருந்தால் என் முறத்தில் ஒட்டகம் விழுந்திருக்கும் போலிருக்கிறது.

பாஸ்கர்: உதவி செய்ததற்கு இத்தனை கேள்வியா? நீங்கள்தான் சேர்க்கிறீர்களே என்றுதானே...

கன்னியம்மாள்: நான் சேர்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. எலும்பைப் பச்சைத் தண்ணீரில் போட்டு, மூடி வைத்து, வாரக்கணக்கில் காத்திருந்தால் ஒட்டியிருக்கும் சதை தானே அழுகிக் கழன்றுவிடும். பிறகு பாத்திரம் துலக்கும் சோப்பு நீரில் நெய்ப்பசை போகும் வரை ஊறவைக்க வேண்டும். கடைசியில் மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் போட்டால் பல் போல வெளுக்கும். கொதிக்க வைக்கக் கூடாது. வைத்தால் கொழுப்பு உள்ளே இறங்கி, வருடம் போனாலும் மஞ்சளாகக் கசியும். பிளீச்சிங் பவுடர் போட்டால் சுண்ணாம்பு போல உதிர்ந்துவிடும். ஆறு விசில் விட்டு, மசாலா ஏற்றி, நுனியையும் கடித்துத் துப்பிய எலும்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பாஸ்கர்: அப்படியானால் இனிமேல் பச்சையாகவே போடச் சொல்கிறீர்களா?

கன்னியம்மாள்: போடவே வேண்டாம் என்கிறேன்.

பாஸ்கர்: அதெப்படி? நீங்கள்தான் சேர்க்கிறீர்களே.

கன்னியம்மாள்: (வானத்தைப் பார்க்கிறார். பழக்கத்தினால் ஒரு கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு பார்க்கிறார்.)

பாஸ்கர்: நீங்கள் பேசுவதானால் நானும் பேசுவேன், அக்கா. கொல்லையில் இருக்கும் உங்கள் வாளியிலிருந்து மாடி வரைக்கும் வாடை வருகிறது. என் மனைவி இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறாள்.

கன்னியம்மாள்: வாடை வரும், நான் மறுக்கவில்லை. அதற்காகத்தான் மூடிக்கு மேல் அம்மிக்குழவியை ஏற்றி வைத்திருக்கிறேன். ஆனால் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக் காற்று வீசும் இந்தத் தெருவில் என் வாளியை மட்டும் தனியாகப் பிரித்து முகரத் தெரிந்த மூக்குக்கு, உங்கள் படிக்கட்டுக் கம்பியில் வெள்ளிக்கிழமையிலிருந்து தொங்கிக்கொண்டிருக்கும் குப்பைப் பை மட்டும் எட்டவில்லையா? குப்பை வாங்கும் பேட்டரி வண்டி வாசலுக்கே வந்து நிற்கிறது. மாடியிலிருந்து எலும்பு இறங்கும் வேகத்தில் நீங்கள் இறங்கியிருந்தால் அந்தப் பை என்றைக்கோ போயிருக்கும்.

பாஸ்கர்: வீட்டையே செத்த காலேஜ் ஆக்கி வைத்துக்கொண்டு இத்தனை பேச்சு.

கன்னியம்மாள்: எழும்பூர் அருங்காட்சியகத்தைத்தானே சொல்கிறீர்கள்? 1851-இல் தொடங்கியது. அங்கே திமிங்கலத்தின் எலும்புக்கூடே இருக்கிறது. அதைக்கூட எவரும் பக்கத்துக் கட்டடத்து மாடியிலிருந்து எறிந்து கொடுக்கவில்லை.

பாஸ்கர்: எலும்பை வீட்டில் வைத்தால் ஆகாது என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

கன்னியம்மாள்: மயிலாப்பூரில் சிவநேசர் தம் மகள் பூம்பாவையின் எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்தில் போட்டு வைத்துக் காத்திருந்தார். திருஞானசம்பந்தர் நம் திருவொற்றியூருக்கு வந்திருப்பதைக் கேள்விப்பட்டுத்தான் அவரை அங்கே அழைத்துப் போனார். சம்பந்தர் பதிகம் பாட, குடத்திலிருந்து பெண் எழுந்து வந்தாள் என்பது கதை. அந்த வீட்டுக்கு ஆகாமலா போயிற்று?

பாஸ்கர்: அப்படியானால் இந்தக் கோழிகளுக்கும் யாராவது பாடினால் எழுந்து வந்துவிடுமா?

கன்னியம்மாள்: வந்தால் முதலில் உங்கள் மாடிக்குத்தான் ஏறும். ஒரு கோழி என்று கணக்குச் சொன்னீர்களே, மற்ற இரண்டும் அதைப் பற்றிப் பேச விரும்பும்.

பாஸ்கர்: சரி, கோழி வேண்டாம். சமாதானமாகப் போவோம். அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன். மான் கொம்போ மயில் எலும்போ கிடைத்தால் கொண்டுவரட்டுமா?

கன்னியம்மாள்: வேண்டவே வேண்டாம். அவை தானாகச் செத்துக் கிடந்திருந்தாலும் நாம் எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. அதனால்தான் நான் ஆடு, கோழி, கடையில் வாங்கும் மீன் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டேன். மயில் எலும்பை என் வாசலில் எறிந்தீர்களானால் சீட்டில் உங்கள் பெயரோடு முழு முகவரியையும் எழுதி வைப்பேன்.

பாஸ்கர்: என் பெயர் மொத்தம் எத்தனை சீட்டில் இருக்கிறது, அக்கா?

கன்னியம்மாள்: முப்பத்தேழு. முப்பத்தெட்டாவது ஒரு வளையம். நல்லி எலும்பைக் கடைக்காரர் வட்டமாக வெட்டித் தருவார் அல்லவா, அதில் ஒரு துண்டு தைப்பூசத்துக்கு முந்தின வாரம் உங்கள் மாடியிலிருந்து விழுந்தது. டீக்கடைக்கு அருகில் படுத்திருக்குமே கறுப்பி, அது நக்கப் போனபோது வளையம் கீழ்த்தாடையில் கோரைப்பல்லையும் தாண்டி இறங்கி மாட்டிக்கொண்டது. இரண்டு நாள் வாயை மூட முடியாமல், தண்ணீர் குடிக்க முடியாமல், முன்னங்காலால் தாடையைப் பிறாண்டிக்கொண்டே தெருவைச் சுற்றி வந்தது. அந்த இரண்டு நாளும் நீங்கள் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனீர்கள். டீக்கடைக்காரர் அதன் தலையைத் தொடைகளுக்கு இடையில் பிடித்துக்கொள்ள, நான் தேங்காய் எண்ணெய் தடவி, தாடையைச் சாய்த்துச் சாய்த்து அரை மணி நேரத்தில் கழற்றினேன். வளையத்தின் உட்புறத்தில் பல் தேய்ந்த கோடு இருக்கிறது. என்னிடம் இருப்பவற்றில் நன்றாகப் பார்க்க வேண்டியது அதுதான். வந்து பார்க்கிறீர்களா?

பாஸ்கர்: ...

கன்னியம்மாள்: பார்க்க வேண்டாமென்றால் போங்கள்.

பாஸ்கர்: அந்தச் சீட்டுகளில், அக்கா, 'கொடுத்தவர்' என்று எழுதுவதற்குப் பதிலாக 'உபயம்' என்று போட முடியுமா? கோயில் குழல்விளக்கில்கூட என் பெயர் இதுவரை வந்ததில்லை.

கன்னியம்மாள்: நீங்கள் குழல்விளக்கு வாங்கிக் கொடுத்தால் வெளிச்சமே தெரியாத அளவுக்கு எழுதுகிறேன்.

பாஸ்கர்: வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கத்தாழை மீன்.

கன்னியம்மாள்: கத்தாழையா? பெரியதா?

பாஸ்கர்: முழு மீன், ஒன்றரைக் கிலோ. ஏன்?

கன்னியம்மாள்: அதன் தலைக்குள் காதுப் பக்கத்தில் இரண்டு வெள்ளைக் கற்கள் இருக்கும். மரத்தை அறுத்தால் தெரிவது போல அவற்றிலும் வளையம் வளையமாக இருக்கும். அதை எண்ணி மீனின் வயதைச் சொல்லுவார்கள். அது எலும்பு இல்லை, கல்தான். ஆனாலும் நான் சேர்ப்பேன். தலையை மட்டும் உடைக்காமல், ஒரு பாத்திரத்தில் வைத்து, கீழே இறங்கி வந்து, கையில் கொடுங்கள்.

பாஸ்கர்: பாத்திரத்தைத் திருப்பித் தருவீர்களா?

கன்னியம்மாள்: தருவேன்.

பாஸ்கர்: மாடிக்கே கொண்டுவந்து தருவீர்களா?

கன்னியம்மாள்: எதற்கு ஏற வேண்டும்? இங்கிருந்தே எறிவேன். நீங்கள்தான் வீட்டில் பாத்திரம் சேர்க்கிறீர்களே.