போர்டு நம்முடையது, பெயர் யார் கையில்?

போன வருஷம் தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, மதுரை தெற்கு மாசி வீதிப் பக்கம் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் புதுக் கட்டைப்பை. இரண்டு பக்கமும் கடைப் பெயர், கீழே வெப்சைட் முகவரி. "தம்பி, இதைப் போட்டுப் பாருங்க" என்றார். போட்டேன். ரம்மி ஆடக் கூப்பிடும் பக்கம் திறந்தது. "நாலாயிரம் பை அடிச்சு வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான் கம்ப்யூட்டர் ஆள் இல்லை. ஜிஎஸ்டி, வருமான வரி பார்த்துக் கொடுப்பதுதான் தொழில். ஆனால் பில் பார்க்கத் தெரியும். அவருடைய நாலு வருஷக் கோப்பைப் புரட்டினேன். வெப்சைட் செய்து கொடுத்த பையனின் பில் ஒன்று இருந்தது. "வெப்சைட் வேலை – 14,500", ஒரே வரி. டொமைன், அதாவது அந்த வெப்சைட் முகவரி, எந்த ரெஜிஸ்ட்ராரிடம் (முகவரியைப் பதிந்து கொடுக்கும் கம்பெனி) வாங்கியது, யார் பெயரில் வாங்கியது, எந்த மெயில் ஐடி கொடுத்தது, எதுவும் இல்லை. கேட்டால் அண்ணன், "அதெல்லாம் அந்தத் தம்பிதான் பார்த்துக்கிட்டான், நல்ல பையன்" என்கிறார். நல்ல பையன்தான். பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான், நம்பரும் மாறிவிட்டது. ஏமாற்றவேண்டும் என்று அவன் நினைத்திருக்க மாட்டான். தன்னுடைய பழைய மெயில் ஐடியில் பதிந்தான், அந்த மெயிலைத் திறப்பதை நிறுத்திவிட்டான், அவ்வளவுதான்.

இதே அண்ணன் கடை போர்டு வைத்தபோது நானும் கூட இருந்தேன். எழுத்து எந்த உயரம், லைட் உள்ளேயா வெளியேயா, கட்டட உரிமையாளர் சம்மதம், எல்லாம் பார்த்தார். வீட்டு மனை வாங்கும்போது முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தவர். டொமைனுக்கும் வில்லங்கம் மாதிரி ஒன்று உண்டு. ஹூ ஈஸ் என்று தேடினால் எந்த நாளில் பதிந்தது, எந்த ரெஜிஸ்ட்ரார், எந்த நாளில் முடிகிறது என்று காட்டும். பதிந்தவர் விவரம் பெரும்பாலும் இப்போது மறைந்திருக்கும், தேதிகள் தெரியும். காசு கிடையாது, அரை நிமிஷ வேலை. நாலு வருஷத்தில் ஒரு தடவை பார்த்திருந்தால் போதும்.

பலர் டொமைனை "வாங்கிட்டேன்" என்கிறார்கள். வாங்கவே முடியாது. அது குத்தகை. வருஷக் குத்தகையாக எடுக்கலாம், முன்கூட்டியே அதிகபட்சம் 10 வருஷத்துக்குக் கட்டலாம், அதற்கு மேல் கிடையாது. குத்தகை யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் ஆள். தேதி முடிந்த அன்றே பறித்துவிடவும் மாட்டார்கள். டாட் காம் என்றால் முதலில் ரெஜிஸ்ட்ரார் சில நாள் சாதாரணக் கட்டணத்திலேயே புதுப்பிக்க விடுவார். அதுவும் போனால் 30 நாள் மீட்பு அவகாசம் உண்டு, அதில் அபராதம் தீட்டிவிடுவார்கள். அதற்கு அப்புறம் 5 நாள் யாரும் தொட முடியாமல் கிடந்து, கடைசியில் பொதுவில் விழும். விழுகிற நொடியில் பிடித்துப் போட மென்பொருளோடு காத்திருப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். சில ரெஜிஸ்ட்ரார்கள் அதுவரை காத்திருக்காமல் இடையிலேயே ஏலம் விட்டுவிடுவதும் உண்டு.

ஆக, புதுப்பிக்கச் சொல்லும் எச்சரிக்கை மெயில்கள் ஒன்றுக்கு மேல் வந்திருக்கும். எல்லாம் பெங்களூர் தம்பி திறக்காத பெட்டிக்குள். அத்தனை நாள் சைட் செத்துக் கிடந்தது கடையில் யாருக்கும் தெரியவில்லை. கடைக்காரர் எவரும் தன் போர்டை நிமிர்ந்து பார்ப்பதில்லை, வாடிக்கையாளர்தான் பார்க்கிறார். சிங்கப்பூரிலிருந்து வருஷா வருஷம் இருபது சேலை எடுக்கும் அம்மா ஒருவர் மெயில் போட்டிருக்கிறார், திரும்பி வந்துவிட்டது. கடையை மூடிவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார். டொமைன் போனால் அதில் ஓடும் மெயிலும் சேர்ந்து போகும் என்பது அன்றைக்குத்தான் அண்ணனுக்குத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கும்தான்.

அந்த ரம்மிப் பக்கத்தின் மூலையில் "இந்த முகவரி விற்பனைக்கு" என்று ஒரு வரி. எழுதிக் கேட்டோம். 1,800 டாலர் என்று பதில் வந்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல்.

அண்ணன் கொடுத்துவிடலாம் என்ற நிலையில் இருந்தார். "டொமைன் எல்லாம் கோடிக்குப் போகுதாமே தம்பி." போகிறதுதான். வாய்ஸ் டாட் காம் 2019-இல் 3 கோடி டாலருக்கு விலை போனது. விற்றது மைக்ரோஸ்ட்ராட்டஜி, வாங்கியது பிளாக் டாட் ஒன். அது ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல், உலகத்தில் எந்தத் தொழில்காரனுக்கும் பொருந்தும். கடைப் பெயரையும் சுங்குடியையும் சேர்த்து எழுதினால் பதினேழு எழுத்து வரும் முகவரி உலகத்தில் எத்தனை பேருக்கு வேண்டும்? ஒரே ஒருவருக்கு. அவர் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், கையில் நாலாயிரம் பையோடு. 1,800 டாலர் என்பது அவருடைய பதற்றத்துக்குப் போட்ட விலை. டாட் காம் பெயர்களின் மொத்தப் பதிவேட்டை வைத்திருக்கும் வெரிசைன், ரெஜிஸ்ட்ரார்களிடம் ஒரு பெயருக்கு வருஷத்துக்கு வாங்குவது 10.26 டாலர், 2024 செப்டம்பரில் வந்த விலை. நமக்கு 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம் ஆகும். 1995 வரைக்கும் பதிவு இலவசமாக இருந்தது, அந்த வருஷம்தான் இரண்டு வருஷத்துக்கு 100 டாலர் என்று வசூலிக்கத் தொடங்கினார்கள். முதல் டாட் காம் 1985 மார்ச் 15-இல் பதிவானது, சிம்பாலிக்ஸ் என்ற கம்ப்யூட்டர் கம்பெனிக்கு. அன்றைக்குக் காசு கொடுக்காமல் கிடைத்த சரக்கு இது.

கேஸ் போடலாமா என்று கேட்டார். சட்டம் நம் பக்கம் பேசாமல் இல்லை. டொமைன் பெயரும் வணிகப் பெயரைப் போலவே பாதுகாக்கப்பட வேண்டியது என்று சத்யம் இன்ஃபோவே, சிஃபிநெட் வழக்கில் 2004-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டாட் காமுக்கு 1999-இலிருந்து யுடிஆர்பி என்ற தனி நடைமுறை இருக்கிறது, கோர்ட்டுக்குப் போகாமலே தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் மூன்றை நிரூபிக்க வேண்டும். பெயர் உங்கள் வணிகக் குறியோடு ஒத்துப்போகிறது, எதிராளிக்கு அதில் நியாயமான பாத்தியம் இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிந்து பயன்படுத்துகிறார். அண்ணன் டிரேட்மார்க் பதியவில்லை. சுங்குடி என்ற சொல்லோ யாருக்கும் தனிச்சொத்து இல்லை, மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. இத்தனைக்கும் மேல், வைப்போ என்ற உலக அறிவுசார் சொத்து அமைப்பில் ஒற்றை நடுவரை வைத்துத் தாக்கல் செய்யும் கட்டணமே 1,500 டாலர். ரம்மிக்காரன் 1,800 என்று எந்தக் கணக்கில் சொன்னான் என்பது அப்போது புரிந்தது. விவரமான ஆள்.

விட்டுவிடுங்கள் என்று சொன்னேன். பைக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம், புதுப் பெயர் எடுப்போம்.

அப்புறம் நடந்த கூத்துதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. நம்மூர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுவது என்பது தனிப் பஞ்சாயத்து. அண்ணனின் தங்கச்சி மகள், பி.காம் படிக்கிறவள், ஒரு வேலை செய்தாள். சொந்தக்காரர்கள் பத்துப் பேருக்குப் போன் போட்டு, "நம்ம கடை வெப்சைட் பேரு இது, இங்கிலீஷ்ல டைப் பண்ணி வாட்ஸப்ல அனுப்புங்க மாமா" என்றாள். சுங்குடி என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் ஆறு விதமாக வந்தது. எஸ்ஸில் தொடங்கியவர்கள், சிஹெச்சில் தொடங்கியவர்கள், நடுவில் யு வரவேண்டிய இடத்தில் ஏ போட்டவர்கள், கடைசியில் ஐ-க்குப் பதில் ஒய், பரமக்குடி அத்தை மட்டும் டிஹெச். சுங்குடியே இப்படி என்றால் ழ வருகிற பெயர்களை யோசித்துப் பாருங்கள். அழகர்கோவிலை எல் போட்டு எழுதுகிறவர்களும் இசட்ஹெச் போட்டு எழுதுகிறவர்களும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஜிகர்தண்டாக் கடைகளின் போர்டுகளைக் கீழவாசலிலிருந்து விளக்குத்தூண் வரை பார்த்துக்கொண்டே நடந்தால் எத்தனை எழுத்துக்கூட்டல் வரும் என்று நான் எண்ணியதில்லை, எண்ணலாம் என்றிருக்கிறேன்.

இந்தப் போன் சோதனையைத்தான் நான் எல்லாரிடமும் சொல்கிறேன். டொமைனின் மதிப்பைக் கணக்குப் போட்டுச் சொல்லும் சைட்டுகள் இருக்கின்றன, அவை சொல்லும் தொகையை நம்பி நான் ஒரு பைசா கொடுக்கமாட்டேன். போனில் ஒரே தடவை கேட்டவர் சரியாக டைப் செய்கிறாரா? செய்தால் அந்தப் பெயருக்கு மதிப்பு இருக்கிறது. "நடுவுல ஒரு கோடு" என்று சொல்லவேண்டி வந்தால் அங்கேயே ஆட்டம் முடிந்தது. பாதிப் பேர் கோட்டைக் கீழே போடுவார்கள், டொமைனில் கீழ்க்கோடு செல்லவே செல்லாது. எழுத்து, எண், நடுக்கோடு, இவ்வளவுதான் அனுமதி. புள்ளிக்கு முன்னால் 63 எழுத்து வரை வைக்கலாம், நாயன்மார் கணக்கு. அதற்காக 63-ஐயும் நிரப்பவேண்டியதில்லை.

நியூமராலஜி வேறு. அண்ணனின் கடைப் பெயரில் ஆங்கிலத்தில் ஒரு ஏ கூடுதலாக இருக்கும். ஜோசியர் போட்ட ஏ. போர்டில் அது அழகாகத்தான் இருக்கிறது, பார்ப்பவர் படித்துக்கொண்டு போகிறார். டைப் செய்கிறவருக்கு அந்த ஏ இருப்பது எப்படித் தெரியும்? எடுத்துவிடலாம் என்றேன். அண்ணன் முகம் மாறிவிட்டது. உடனே ஜோசியருக்குப் போன். "டாட் இன்னையும் சேர்த்துக் கூட்டணுமா?" என்று கேட்டார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "புள்ளிக்கு எண் கிடையாது, அதுக்குப் பின்னாடி வர்றதும் கணக்குல வராது" என்று தீர்ப்பு. கடைசியில் இரண்டையும் பதிந்தோம். ஏ உள்ளதைப் போட்டாலும் ஏ இல்லாததைப் போட்டாலும் ஒரே சைட்டுக்கு வரும். வருஷத்துக்கு ஒரு சேலை விலைகூட ஆகாது. வாடிக்கையாளர் செய்யும் தப்பை நாமே முதலில் பதிந்து வைப்பது நல்ல யோசனை என்று ஜோசியர் புண்ணியத்தில் தெரிந்துகொண்டேன்.

டாட் இன் எடுக்கச் சொன்னது நான்தான். டாட் காம் போனதே மானம் போனது மாதிரி என்று அண்ணன் நினைத்தார். அப்படி ஒன்றும் இல்லை. டாட் இன் 1989-இலிருந்து இருக்கிறது, 2005 ஜனவரியில்தான் எல்லாருக்கும் தாராளமாகத் திறந்துவிட்டார்கள். அதனால்தான் நம் ஆட்கள் டாட் காமுக்கே பழகிப்போனார்கள். இப்போது நிக்ஸி என்ற அமைப்பு அதை நடத்துகிறது. வங்கிகளையே ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 31-க்குள் டாட் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு மாறச் சொன்னதே, போலி வங்கி சைட்டுகளின் தொல்லையால். நம்பிக்கை வேண்டும் என்று அவர்களே டாட் இன்னுக்கு வரும்போது சேலைக் கடைக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

தமிழிலேயே டொமைன் வைக்கலாமே என்று கேட்பீர்கள். வைக்கலாம். தமிழில் எழுதி .இந்தியா என்று முடிக்கலாம், .இலங்கை, .சிங்கப்பூர் கூட உண்டு. எனக்கு இதில் ஒரு வயிற்றெரிச்சல். சுங்குடி என்று தமிழில் எழுதச் சொன்னால் அந்தப் பத்துப் பேரும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். போன் சோதனையில் நூற்றுக்கு நூறு. ஆனால் இணையத்தின் உள்பாதைக்கு ஆங்கில எழுத்து மட்டும்தான் புரியும் என்பதால் தமிழ்ப் பெயரை எக்ஸ் என் என்று தொடங்கி இரண்டு கோடு போட்டு ஏதோ மந்திரம் மாதிரி மாற்றிக்கொள்கிறது. சில இடத்தில் ஒட்டினால் அந்த மந்திரம்தான் தெரிகிறது. மெயில் ஐடி தமிழில் கொடுத்தால் பல படிவங்கள் ஏற்கமாட்டேன் என்கின்றன. அதனால் இரண்டாவது பெயராக எடுத்து போர்டில் போடுங்கள், மெயிலை மட்டும் அதில் ஓட்டாதீர்கள் என்பேன். பேசியே தேடும் காலம் வந்துவிட்டது, கொஞ்ச வருஷத்தில் நான் சொல்வது தப்பாகலாம். அப்படி ஆனால் சந்தோஷம்தான்.

"எதுக்குங்க டொமைன், இன்ஸ்டாவும் வாட்ஸப்பும் போதாதா?" இதைக் கேட்காத வாடிக்கையாளர் எனக்கு இல்லை. ஓடுகிறவரை போதும். மீனாட்சி கோயில் புதுமண்டபத்தில் தலைமுறை தலைமுறையாகத் தைத்தவர்களும் பாத்திரம், புத்தகம் விற்றவர்களும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறினார்கள். இடம் கோயிலுடையது, போகவேண்டியதுதான். ஆனால் கடைப் பெயர் அவர்களோடு போனது, பழைய வாடிக்கையாளர் விசாரித்துக்கொண்டு வந்தார். இன்ஸ்டா கணக்கு முடங்கினால் எந்தப் பெயரைச் சொல்லி விசாரிப்பார்கள்? அந்த ஒரு காரணத்துக்காக வருஷம் ஆயிரம் ரூபாய் கட்டலாம்.

பதியும்போது நான் பிடிவாதமாக நின்றது மூன்று விஷயத்தில். பில் அண்ணன் கடை ஜிஎஸ்டி எண்ணில் வரவேண்டும். வரி உள்ளீடும் கிடைக்கும், நாளைக்குத் தகராறு வந்தால் ஆதாரமும் ஆகும். ஓடிபி வரும் போன் அண்ணனுடையது. மெயில் ஐடி, அதே டொமைனில் உள்ள மெயிலாக இருக்கக்கூடாது. இதைச் சொன்னபோது யாருக்கும் உடனே புரியவில்லை. டொமைன் காலாவதியானால் அதில் ஓடும் மெயிலும் சாகும், எச்சரிக்கை எங்கே வரும்? வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிற கதை. வெப்சைட்டை வேறு பையன்தான் செய்தான், அவனுக்கு சைட் வேலை செய்யத் தேவையானதை மட்டும் கொடுத்தோம். பிறகு வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றவேண்டுமானால் கேட்டு வாங்கவேண்டிய குறியீட்டு எண் எங்கே இருக்கிறது என்று தங்கச்சி மகளுக்குக் காட்டிக் கொடுத்தேன். புதிதாகப் பதிந்த டாட் காமை முதல் 60 நாள் மாற்றமுடியாது என்பதும் அவள் கண்டுபிடித்துச் சொன்னதுதான்.

அண்ணன் பத்து வருஷத்துக்கும் சேர்த்துக் கட்டிவிட்டார். முடியும் தேதியைக் கல்லாப் பெட்டி மூடியின் உள்பக்கம், பிள்ளையார் படத்துக்குக் கீழே மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறார்.

பைகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டி முடிப்பதற்குள் ஐந்நூறு அறுநூறு பழைய முகவரியோடே போய்விட்டன. போன வாரம் வாடிப்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர் அந்தப் பையோடு கடைக்கு வந்திருக்கிறார். "ஏண்ணே, உங்க வெப்சைட்டுல என் மகன் சீட்டாடிக்கிட்டு இருக்கான், என்னன்னு கேளுங்க" என்று சத்தம். அண்ணன் ஒரு பிளவுஸ் பிட்டைப் புதுப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, பழைய பையைக் கையோடு வாங்கி வைத்துக்கொண்டாராம்.