ஏர்வாடியில் துஆ இருக்கட்டும், சங்கிலி போகட்டும்

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டத்தின் தர்கா ஊரான ஏர்வாடியில் மனநலக் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். காலில் சங்கிலி இருந்ததால் ஓட முடியவில்லை. அந்தச் செய்தியோடு இங்கே வரும் வெளியூர், வெளிநாட்டு சமூகப்பணியாளர்கள் பலர் தர்காவையே குற்றவாளியாகப் பார்க்கிறார்கள். அது தவறான தொடக்கம்.

பாதுஷா நாயகத்தின் தர்காவுக்கு மனநோய் குணமாக வேண்டி எல்லா மதத்தாரும் வருகிறார்கள். துஆ என்னும் பிரார்த்தனை செய்தபடி, ஊர் திரும்பலாம் என்று கனவில் உத்தரவு கிடைக்கும்வரை மாதக்கணக்கில் தங்குகிறார்கள். சொந்த ஊரில் ஒதுக்கப்பட்ட குடும்பத்துக்கு இங்கே நிம்மதியாக உட்கார ஓர் இடம் கிடைக்கிறது. அதை எந்த ஆஸ்பத்திரி வார்டும் தருவதில்லை. அதைப் பறித்துவிட்டு மனித உரிமை பேசினால் யார் காதில் ஏறும்?

அதற்காக 'மருந்தும் துஆவும் சேர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்றும் இருந்துவிட முடியாது. கானாவில் ஒரு கிறிஸ்தவ ஜெப முகாமில் 139 பேரை வைத்து நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. ஜெபத்தோடு மருந்தும் பெற்றவர்களுக்கு ஆறு வாரத்தில் நோய்க்குறிகள் நன்றாகக் குறைந்தன. சங்கிலியில் கிடந்த நாட்கள் மட்டும் குறையவில்லை! நோய் தணிந்தாலும் கட்டுகிறவரின் பயம் தணியவில்லை என்றே நாங்கள் இதைப் புரிந்துகொள்கிறோம். சங்கிலிக்குத் தனியாக வேலை செய்தாக வேண்டும்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 95: எந்த வடிவிலும் சங்கிலி கூடாது. பிரிவு 97: உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவர் அனுமதியோடு, தேவையான நேரம் மட்டும் உடலைக் கட்டுப்படுத்தலாம். ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டிக் கட்டக்கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது.

களத்தில் முதல் கேள்வி, "எந்த நேரத்துலம்மா கட்டுறீங்க? எதுக்காக?" தாயோ காப்பாளரோ 'ராத்திரி' என்றால், தேவை இரவில் விழித்திருக்க ஓர் ஆள். தூக்கம் கெட்டிருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லி மாத்திரை நேரத்தை மாற்றலாம். சங்கிலியை அவிழ்த்ததும் கணுக்காலைப் பாருங்கள். புண் இருந்தால் கழுவிக் கட்டி, டெட்டனஸ் ஊசி போட வேண்டும். நெடுநாள் மடங்கியே கிடந்த முழங்காலுக்கு இயன்முறைப் பயிற்சி தேவைப்படும். அவிழ்த்த அன்றே புகைப்படம் எடுப்பது அந்த மனிதருக்குச் செய்யும் அவமானம்.

நோன்பு மாதத்தில் இன்னும் கவனம் வேண்டும். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரும் லித்தியம் மாத்திரையைச் சாப்பிடுகிறவர் இந்தக் கடற்கரை வெயிலில் தண்ணீரில்லாமல் இருந்தால் இரத்தத்தில் அதன் அளவு ஏறும். கைநடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் வந்தால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நோன்பு வைப்பதைப் பற்றி மருத்துவரிடம் முன்பே பேசுவது நல்லது. நோயாளிக்கு நோன்பில் விலக்கு உண்டு என்பதை நாம் சொல்வதைவிட தர்காவில் துஆ ஓதும் லெப்பை சொன்னால் குடும்பம் கேட்கும்.

பெரும்பாலும் கோட்டைவிடுவது கிளம்பும் நாளில்தான். உத்தரவு வந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறார்கள். ஊர் போய்ச் சேர்ந்தபின் நோய் திரும்புகிறது. மருந்தின் பெயர், அளவு எழுதிய சீட்டு, ஒரு மாத மாத்திரை, சொந்த மாவட்ட அரசு மருத்துவமனையில் பார்க்க வேண்டிய நாள், அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416 எல்லாம் முன்கூட்டியே அவர்கள் பையில் இருக்க வேண்டும்.

வெளிநாட்டு நிதியோடு வரும் அமைப்புகளிடம் ஒன்று கேட்கிறோம். பயிற்சிப் பட்டறைக்கும் பதாகைக்கும் ஒதுக்கும் முன், இரவுக் காவலுக்கு இந்த ஊர்க்காரர் இருவருக்கு மாதச் சம்பளம் எழுதுங்கள்.