மூவாயிரம் ரூபாய் எல்.பி.யும் நூறு ரூபாய் சிடியும்

கடையில் ஒரு புது எல்.பி., அதாவது வினைல் இசைத்தட்டு. உறையில் தங்க நிற ஸ்டிக்கர்: "180 கிராம்". உள்ளே இருப்பது தொண்ணூறுகளில் டிஜிட்டலில் பதிவாகி, அன்றைக்குக் கேசட்டிலும் சிடியிலும் மட்டும் வந்த பாட்டுகள். விலை மூவாயிரத்தைத் தாண்டுகிறது. அதே பாட்டுகளின் அன்றைய சிடி பழைய கடையில் நூறு, நூற்றைம்பதுக்குத் தூசியடைந்து கிடக்கிறது, சீண்ட ஆளில்லை. இரண்டில் ஒன்றை எடு என்றால் என் கை சிடிக்குத்தான் போகும். எல்.பி.மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எந்த எல்.பி. நன்றாக ஒலிக்கும், ஏன் ஒலிக்கும் என்று தெரியாமல் வாங்கினால் அந்த ஸ்டிக்கருக்குத்தான் காசு கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

அந்த 180 கிராமை முதலில் முடித்துவிடலாம். எடை கூடினால் தட்டு விறைப்பாக நிற்கும், சீக்கிரம் வளையாது. முள் ஓடும் பள்ளத்தின் ஆழமும் அகலமும் லாக்கர் என்ற மூலத் தட்டில் வெட்டும்போதே முடிவாகிவிடும். அதற்கு அடியில் எத்தனை கிராம் பிளாஸ்டிக் கிடந்தாலும் முள்ளுக்குத் தெரியாது.

எல்.பி. மறுபடி ஜெயித்துவிட்டது என்று காட்ட அமெரிக்கக் கணக்கை எல்லோரும் எடுத்துப் போடுகிறார்கள். 2020இல் எல்.பி. வருமானம் சிடியைத் தாண்டியது, 2022இல் எண்ணிக்கையிலும் தாண்டியது: சுமார் 4.1 கோடி தட்டுகள், 3.3 கோடி சிடிகள். உண்மைதான். ஆனால் அது புதுச் சரக்கின் கணக்கு. சேகரிப்பவர்கள் பாதி நேரம் மேய்வது பழைய சரக்கில், அது இந்த எண்ணில் வராது.

எல்.பி.யின் நிஜமான பலவீனம் சரசரப்பு என்று நினைக்கிறோம். சரசரப்பில் பாதி அழுக்கு, கழுவினால் போகும். கழுவிப் போகாதது உள்வட்டத்தின் பிரச்சினை. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்று ஒரே சீராகச் சுற்றுகிறது. வெளிவிளிம்பில் பள்ளம் முள்ளுக்கடியில் விநாடிக்கு 51 சென்டிமீட்டர் ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது அது 21 ஆகச் சுருங்கிவிடும். 10,000 ஹெர்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள், ஜால்ராவின் மினுக்கும் பாடகியின் 'ஸ'வும் குடியிருக்கும் பகுதி. வெளியே அதன் ஓர் அலைக்கு 51 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) இடம் கிடைக்கிறது. உள்ளே 21தான், ஒரு நெளிவுக்குப் பத்து மைக்ரான் சொச்சம். சாதாரணக் கூம்பு முள்ளின் நுனி ஆரமே 18 மைக்ரான். சத்தமாக வெட்டிய இடமென்றால் அந்த நெளிவுக்குள் அது இறங்காது. மேலாகத் தாவி ஓடும், ஓடுகிற ஓட்டத்தில் சுவரையும் தேய்க்கும். ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டிலும் 'ச', 'ஸ' எல்லாம் எச்சில் தெறிப்பதுபோல் கேட்பது இதனால்தான்.

நீள்வட்ட முள்ளின் பக்க ஆரம் ஏழரை மைக்ரான் அளவு. மைக்ரோலீனியர் என்ற இன்னும் மெல்லிய முள் என்றால் மூன்று. ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95 வரிசையில் கார்ட்ரிட்ஜை (முள் செருகியிருக்கும் சின்னப் பெட்டியை) அப்படியே வைத்துக்கொண்டு முள்ளை மட்டும் உருவி மாற்றலாம். அதனால் புதிதாகத் தொடங்குபவருக்கு அதைத்தான் சொல்வேன். அவர்களே சொல்லும் ஆயுள்: கூம்பு 500 மணி நேரம், நீள்வட்டம் 300, மைக்ரோலீனியர் 1,000. தினம் ஒரு மணி நேரம் ஓட்டினால் நீள்வட்ட முள் பத்தே மாதம். மூவாயிரம் ரூபாய்த் தட்டை மூன்று வருஷம் ஆன முள்ளில் ஓட்டிக்கொண்டு, "அனலாக்கின் இதம்" என்று பதிவு போடுபவர்கள் இருக்கிறார்கள்.

முள் தட்டை அழுத்தும் எடை விஷயத்தில் இன்னொரு தப்பு நடக்கிறது. விஎம்95-க்கு 2 கிராம் என்று போட்டிருந்தால், தட்டு தேயுமே என்று பயந்து ஒன்றே கால் வைப்பார்கள். எடை குறைந்தால் முள் பள்ளத்தின் சுவரை விட்டு எழும்பி எழும்பி மோதும். அதுதான் தட்டைக் கெடுக்கும். 1.8 முதல் 2.2 வரை என்றால் 2-இல் வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம். நகை எடை போடுகிற 0.01 கிராம் டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது; முள்ளைத் தாங்கும் டோன்ஆர்மின் பின்னால் இருக்கும் எண்ணை நம்புவதைவிட அது மேல். சூட்கேஸ் பிளேயரில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. செராமிக் கார்ட்ரிட்ஜ், ஐந்து கிராம்வரை பாரம், திருக ஒரு திருகும் இருக்காது. அதை அலமாரியில் அழகுக்கு வையுங்கள்.

தமிழ்ப் பாட்டு சேகரிப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு நல்ல சேதி இருக்கிறது. எண்பதுகளில் எக்கோ போன்ற லேபிள்களில் வந்த இளையராஜா தட்டுகள் பல, 12 அங்குலத்தில் 45 சுற்று. பட்ஜெட்டே இல்லாமல் கிடைத்த ஆடியோஃபைல் (ஒலித்தரப் பிரியர்களுக்கான) தட்டு என்றே சொல்லலாம். ஒரு படத்தின் பாட்டுகள் எல்லாம் சேர்ந்து 25 நிமிடம், பக்கத்துக்குப் பன்னிரண்டு. வேகம் எல்லா இடத்திலும் 35 சதவீதம் கூடுதல், அலைக்கு இடமும் அதே அளவு கூடுதல். இன்று வெளிநாட்டு லேபிள்கள் இரட்டைத் தட்டாகப் போட்டு இரட்டை விலை வாங்குவது இதே சங்கதிக்குத்தான். ஆக, நல்ல நிலையில் இருக்கும் அந்தக் காலத்துத் தட்டுக்குக் காசு கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. மாறாக, நான்கு பாட்டை 7 அங்குலத்தில் திணித்த ஈ.பி.க்களை உறைப் படத்துக்காக வாங்கலாம். நெருக்கி வெட்டியதால் சத்தம் குறைவு, சத்தம் குறைந்தால் சரசரப்பு முன்னால் வரும்.

"நல்ல நிலை" என்பதில்தான் சிக்கல். அந்தத் தட்டுகளில் பல கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் ரேடியோ செட்காரர் கையில் உழைத்தவை. கனத்த செராமிக் முள், விடிய விடிய ஓட்டம். தட்டைத் தூக்கி ட்யூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். கீறல் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது ஒரு டிக் சத்தத்தோடு போய்விடும். கறுப்பு மங்கிச் சாம்பல் பூத்த மாதிரி பட்டையாகத் தெரிந்தால் வைத்துவிடுங்கள். பள்ளத்தின் சுவரே தேய்ந்துவிட்டது, எந்த முள்ளும் அதைத் திருப்பித் தராது. கடையில் ஓட்டிக் காட்டினால் முதல் பாட்டைக் கேட்காதீர்கள். கடைசிப் பாட்டின் கடைசிச் சரணத்தைக் கேளுங்கள்.

கழுவுவதற்கு: காய்ச்சி வடித்த நீர் 1 லிட்டர், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் 200 மில்லி, பழைய ஃபோட்டோ ஸ்டூடியோக்காரர்கள் பிலிம் கழுவப் பயன்படுத்திய, நீர் சீராகப் பரவ உதவும் வெட்டிங் ஏஜென்ட் நாலைந்து சொட்டு. பள்ளத்தோடு சேர்ந்து வட்டமாகத் துடைத்து, மறுபடி வெறும் வடித்த நீரில் அலச வேண்டும். அலசாவிட்டால் காய்ந்த கரைசலே புது அழுக்கு. ஆர்.ஓ. தண்ணீர் போதாது, டிடிஎஸ் மீட்டர் 40, 50 காட்டும், அந்த உப்பு பள்ளத்தில் படியும். பேட்டரித் தண்ணீர் வாங்கலாம், சீல் வைத்த பாட்டிலாக மட்டும். பேட்டரி கடையில் கேனிலிருந்து ஊற்றித் தருவது ஆசிட்டாகவும் இருக்கலாம். 78 சுற்றுத் தட்டுக்கு இந்தக் கரைசல் ஆகவே ஆகாது: அது ஷெல்லாக், அதாவது அரக்கு, ஆல்கஹாலில் கரைந்துவிடும். கழுவிய தட்டைப் பூஞ்சை பிடித்த பழைய உள்ளுறையில் போடுவது, குளித்துவிட்டு அழுக்குச் சட்டையை மாட்டுவதுபோல. எச்டிபிஇ என்ற மெல்லிய பிளாஸ்டிக் உறை போடுங்கள். கனமான பிவிசி உறை வேண்டாம். வருஷக்கணக்கில் ஒட்டியிருந்தால் தட்டின்மேல் பனி படர்ந்தாற்போல் ஒரு மூட்டம் விழும், அது "ஸ்ஸ்" என்று கேட்கும், கழுவினாலும் போகாது.

இவ்வளவு பாடுபடுவதில் ஒரு சுகம் உண்டு, மறுக்கவில்லை. அந்தச் சுகத்தை ஒலித்தரம் என்று விற்கும்போதுதான் உறுத்துகிறது. அதற்கு ஆதாரமாக டிஆர் எண்ணை, அதாவது உச்சிக்கும் சராசரிச் சத்தத்துக்கும் உள்ள இடைவெளியைக் காட்டுவார்கள்: சிடி டிஆர்8, எல்.பி. டிஆர்12, பார்த்தீர்களா என்று. ஒரே டிஜிட்டல் கோப்பை எடுத்து எல்.பி.யில் வெட்டி, முள்ளால் ஓட்டி, திரும்பக் கணினியில் ஏற்றினால் அந்த எண் மூன்று நான்கு கூடிவிடும். லிமிட்டர் என்ற கருவியில் தட்டையாக நசுக்கிய உச்சிகள், வெட்டும்போதும் வாசிக்கும்போதும் ஃபேஸ் (அலைகளின் நேரப் பொருத்தம்) புரண்டு கொஞ்சம் மேடு பள்ளமாகின்றன. மீட்டர் அதை உயிர் என்று எண்ணிக்கொள்கிறது. நசுங்கியது நசுங்கியதுதான். எல்.பி.க்காகத் தாழ்ந்த பேஸ் ஒலியை நடுவில் குவித்து, 'ஸ'வை அடக்கி வெட்டுவார்கள். அவை எல்லாம் முள் தாவாமல் இருக்கச் செய்யும் சமரசம். பக்கத்துக்கு 22 நிமிடத்தைத் தாண்டினால் சத்த அளவையும் குறைத்தாக வேண்டும்.

"முழுக்க அனலாக்" என்ற சொல்லும் அப்படித்தான். எழுபதுகளின் இறுதியிலிருந்தே பல வெட்டும் அறைகளில், வெட்டும் இயந்திரமான லேத்துக்குப் பள்ள இடைவெளியை முன்கூட்டிச் சொல்ல, ஒலியைச் சற்றுத் தாமதிக்கும் ஒரு டிஜிட்டல் டிலே இருந்தது. தட்டில் வெட்டப்பட்டது அந்த டிலே வழியாக வந்த ஒலி. 2022இல் மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க மறுபதிப்பு லேபிளின் விவகாரம் வெடித்தது. நூறு டாலருக்கு மேல் விலை வைத்து, ஒரிஜினல் மாஸ்டர் டேப்பிலிருந்து எடுத்தது என்று விற்ற தட்டுகளில் பல, நடுவில் டிஎஸ்டி என்ற டிஜிட்டல் கோப்பாக மாறி வந்தவை என்று தெரிந்தது. வழக்குகூட நடந்தது. மறைத்தது தப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு முன் பத்து வருஷம், "டிஜிட்டலில் இந்த ஆழம் வராது" என்று அதே தட்டுகளுக்கு விமர்சனம் எழுதிய காதுகள் பற்றி யாரும் பேசவில்லை.

சிடி பக்கம் எல்லாம் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. நம் ஊர்ச் சிடிகளில் கண்றாவிகள் நிறைய. டேப் கிடைக்காமல் தட்டிலிருந்தே ஏற்றியவை, சரசரப்பை நீக்குகிறேன் என்று வயலினையும் சேர்த்து நீக்கியவை, எம்பி3யை விரித்துச் சிடியாக எழுதியவை. கடைசி வகையைக் கண்டுபிடிப்பது சுலபம்: கணினியில் ஏற்றி ஸ்பெக் அல்லது ஆடாசிட்டி மென்பொருளில் ஸ்பெக்ட்ரம் பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தரிக்கோலால் வெட்டினாற்போல் நேர்கோடு தெரிந்தால் அது எம்பி3. பழைய டேப்பில் உச்ச ஒலி குறைவாக இருக்கலாம், ஆனால் அது சரிந்து மங்கும், வெட்டு விழாது.

வாங்கும்போது அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளியாக இருந்தால் அச்சிட்டது. பச்சை, நீலச் சாயல் இருந்தால் வீட்டில் எழுதிய சிடி-ஆர், என்ன உறை போட்டிருந்தாலும் சரி. அந்தச் சாயம் வெயிலிலும் வருஷத்திலும் வெளுக்கும். அடிப்பக்கக் கீறலுக்கு யாரும் கலங்க வேண்டாம். லேசர் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கைத் தாண்டி உள்ளே குவிகிறது, இரண்டரை மில்லிமீட்டர் தடம் அறுந்தாலும் பிழை திருத்தம் நிரப்பிவிடும். படம் அச்சிட்ட மேல்பக்கக் கீறல்தான் கொலைகாரன், அலுமினியம் அங்கேதான் லாக்கர் என்ற ஒரு மெல்லிய பூச்சுக்குக் கீழே இருக்கிறது. விளக்குக்கு எதிரே பிடித்தால் ஊசித் துளைகளாகத் தெரியும். துடைப்பது நடுவிலிருந்து விளிம்புக்கு. எல்.பி.யைப்போல வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடு ஓடும், திருத்தத்துக்கு அடங்காது. 1988 முதல் 1993 வரை இங்கிலாந்தின் பிளாக்பர்ன் பிடிஓ ஆலையில் அச்சான சிடிகளில் பல விளிம்பிலிருந்து வெண்கல நிறமாகப் பழுக்கும். உறைக் காகிதத்திலிருந்த கந்தகத்தை லாக்கர் தாங்கவில்லை, உள்ளே இருந்த உலோகப் பூச்சு அரித்தது. அவற்றை இன்றைக்கே நகலெடுத்துவிடுங்கள்.

நகலெடுக்க எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்எல்டி. செக்யூர் முறையில் ஃப்ளாக்காக (தரம் குறையாத கோப்பாக) எடுத்து, மற்றவர்கள் எடுத்த நகலோடு ஒப்பிடும் அக்யூரேட்ரிப் பொருந்துகிறதா என்று பார்த்து, மென்பொருள் எழுதும் லாக் குறிப்பையும் சேர்த்து வையுங்கள். எண்பதுகளின் ஜப்பான் அச்சுச் சிடி ஒன்றின் நகல் காது கூசும் அளவுக்குக் கீச்சென்று கேட்டால் உடனே மாஸ்டரைத் திட்டாதீர்கள். அதில் ப்ரீ-எம்ஃபசிஸ் இருக்கலாம்: உச்ச ஒலியைத் தூக்கிப் பதிந்து, பிளேயர் இறக்கிக்கொள்ளட்டும் என்று சிடியில் ஒரு குறியை வைத்திருப்பார்கள். பிளேயர் இறக்கும், நகலெடுக்கும் மென்பொருள் இறக்காது. சாக்ஸ் என்ற இலவச மென்பொருளின் டீஎம்ஃப் கட்டளை போட்டால் சரியாகிவிடும். "பழைய சிடி என்றாலே கூசும்" என்ற பேச்சில் கொஞ்சம் இங்கிருந்தும் கிளம்பியது என்பது என் ஊகம்.

சிடியில் உண்மையிலேயே கவலைப்பட வேண்டியது பிளேயரைப் பற்றித்தான். பழைய பிளேயர் வாங்கப் போனால் டாக் (டிஜிட்டலை ஒலியாக்கும் சில்லு) எத்தனை பிட் என்று கேட்பதற்கு முன் உள்ளே சிடியை வாசிக்கும் லேசர் பிக்கப் எது என்று கேளுங்கள். சோனி கேஎஸ்எஸ்-213, சான்யோ எஸ்எஃப்-பி101என் மாதிரி லட்சக்கணக்கில் ஓடியவை என்றால் மாற்று கிடைக்கும். அந்த 213 விசிடி காலத்தில் ஊருக்கு ஊர் மெக்கானிக் மாற்றிக்கொடுத்த சாமான். மாற்றும்போது புது பிக்கப்பின் சின்ன போர்டில் நிலை மின்சாரத்துக்காக வைத்த ஈயப் பொட்டு ஒன்று இருக்கும். ரிப்பன் கேபிளைச் செருகிய பிறகுதான் அதை உருக்கி எடுக்க வேண்டும். எடுக்க மறந்தால் லேசர் எரியாது, "நோ டிஸ்க்" என்று வரும், புது பிக்கப்பே போலி என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவீர்கள். டிரே திறக்க மாட்டேன் என்று முனகினால் அது பிக்கப் இல்லை, தளர்ந்துபோன ரப்பர் பெல்ட். இருபது ரூபாய்.