ரிப்போர்ட் எல்லாம் நார்மல்

"ஒண்ணுமில்லம்மா. ரிப்போர்ட் எல்லாம் நார்மல். நீங்களா நெனச்சுக்கறீங்க."

என் அம்மாவிடம் ஒரு மருத்துவர் சொன்ன வார்த்தை இது. சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது. இன்னும் எனக்கு ஆறவில்லை. அதனால்தான் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு பக்கம். இரண்டு ஏக்கர், ஒரு கிணறு, தக்காளி, கொஞ்சம் ராகி, வரப்பில் நாலு புளியமரம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. இரண்டேகால் வருடம் படுக்கையில் இருந்தார். தம்பி பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து போவான். நான் பென்னாகரம் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் ஆசிரியை. ஆக, எல்லாம் அம்மாதான்.

எங்களுக்கு ராத்திரி இரண்டு மணிக்குத்தான் த்ரீ பேஸ் கரண்ட் வரும். அதற்கு முன்பே அம்மா எழுந்துவிடுவார். டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய் மோட்டாரைப் போட்டுவிட்டு வருவார். வந்ததும் அப்பாவை மறுபக்கம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும். துணி நனைந்திருந்தால் மாற்றி, முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டுவிட்டு, மறுபடி மடை மாற்ற வயலுக்குப் போவார். இரண்டேகால் வருடமும் இதேதான். லீவுக்குப் போகும்போது நான் எழுந்து செய்கிறேன் என்றால், "நீ தூங்கு கண்ணு, எனக்குப் பழகிப்போச்சு" என்பார்.

அப்பா ஒரு மார்கழியில் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்து சொந்தபந்தம் எல்லாம் கிளம்பி, வீடு வெறிச்சென்று ஆன பிறகு அம்மாவுக்கு ஆரம்பித்தது. நடு ராத்திரியில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். கை கால் சில்லிட்டு, முதுகெல்லாம் வேர்த்து, மூச்சு மேலேயே நிற்கும். "நெஞ்சுக்குள்ள மோட்டார் ஓடற மாதிரி இருக்கு கண்ணு" என்று சொன்னார். எனக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. இ.சி.ஜி. மூன்று தடவை, எக்கோ ஒரு தடவை, ரத்தப் பரிசோதனை ஒரு கட்டு. எல்லாம் நார்மல். அப்போது சொன்னதுதான் மேலே எழுதிய அந்த வார்த்தை.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு நெஞ்சு அடித்துக்கொண்டாலும் எங்களிடம் சொல்வதை நிறுத்திவிட்டார். பெத்த பிள்ளைகளின் பணத்தைக் கற்பனையில் வந்த நோய்க்குச் செலவு செய்துவிட்டோம் என்று நினைத்திருக்கிறார். இதை அவரே பிறகு என்னிடம் சொன்னார்.

கற்பனையில் துடிக்கிற இதயம் என்று ஒன்று கிடையாது. துடித்தால் துடித்ததுதான். பயமோ துக்கமோ வந்தால் சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி நிஜமாகவே ரத்தத்தில் ஹார்மோனைக் கொட்டுகிறது. இதயம் வேகம் எடுக்கிறது, கை கால் தோலுக்குப் போகும் ரத்தம் குறைந்து சில்லிடுகிறது, வேர்க்கிறது. பாம்பைக் கண்டால் நம் உடம்பு என்ன செய்யுமோ அதையேதான் செய்கிறது, பாம்புதான் இல்லை. இ.சி.ஜி. நார்மல் என்றால், அந்த நேரத்தில் எடுத்த படத்தில் இதயக் கோளாறு எதுவும் தெரியவில்லை என்று அர்த்தம். அந்த அம்மாவுக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று அர்த்தம் இல்லை.

அப்புறம் எப்படித் தெரிந்தது? மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிற பெண் ஒருத்தி எங்கள் ஊரில் உண்டு. அந்தத் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று நமக்குப் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கி வைத்தார்கள். அந்தப் பெண் அம்மாவை அத்தை என்று கூப்பிடுவாள். ஒரு சனிக்கிழமை, திண்ணையில் உட்கார்ந்து அம்மா கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"நைட்டு தூக்கம் வருதா அத்தை?"

"படுத்ததும் வருது. அப்புறம் முழிப்பு தட்டிடுது."

"எத்தனை மணிக்கு?"

"ரெண்டு மணிக்கு."

"தினமுமா?"

"தினமும் ரெண்டுதான்."

நான் நிலைப்படியில் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். காபி ஆறியதுகூடத் தெரியவில்லை. இத்தனை மருத்துவமனை ஏறி இறங்கினோமே, நானும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை. இரண்டு மணி. மோட்டார் போடுகிற நேரம், அப்பாவைப் புரட்டுகிற நேரம். அப்பா போய்விட்டார் என்பது அம்மாவுக்குத் தெரியும். அவர் உடம்புக்கு இன்னும் தெரியவில்லை.

இதைப் பற்றித் தேடிப் படித்தபோது ஒரு ஆய்வு கண்ணில் பட்டது. 1999-ல் ஜெர்மனியின் லூபெக் நகரத்தில் 15 பேரைத் தூங்க வைத்துப் பார்த்திருக்கிறார்கள். காலை 6 மணிக்கு எழுப்புவோம் என்று சொல்லிப் படுக்க வைத்த அன்று, 6 மணிக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே அவர்கள் ரத்தத்தில் ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் ஏற ஆரம்பித்தது. அட்ரினல் சுரப்பியைத் தட்டி எழுப்புகிற ஹார்மோன் அது. 9 மணிக்கு எழுப்புவோம் என்று சொல்லிவிட்டு 6 மணிக்கே திடீரென்று எழுப்பிய அன்று அந்த ஏற்றம் இல்லை. ஆள் ஆழ்ந்து தூங்கினாலும், இத்தனை மணிக்கு எழ வேண்டும் என்ற நினைப்பு உள்ளே வேலை பார்த்திருக்கிறது. ஒரு ராத்திரி நினைப்புக்கே இப்படி என்றால், இரண்டேகால் வருட நினைப்பு என்ன செய்யாது!

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. அப்பா படுக்கையில் இருந்த காலத்தில் அம்மா கணுக்காலில் களைக்கொத்து பட்டு ஒரு சின்னக் காயம். அது ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. சுகராக இருக்கும் என்று பயந்து பார்த்தோம், சுகர் இல்லை. "வயசாச்சுல்ல" என்று விட்டுவிட்டோம். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் என்ற உளவியல் பேராசிரியர் 1995-ல் செய்த ஆய்வைப் படித்தேன். ஞாபக மறதி நோயில் கிடக்கும் சொந்தக்காரரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்கள், அப்படிப் பொறுப்பு இல்லாத அதே வயதுப் பெண்கள் 13 பேர். எல்லார் கையிலும் மூன்றரை மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரி சின்னக் காயம் செய்து, ஆறுவதை நாள் கணக்கில் பார்த்தார்கள். மற்றவர்களுக்குச் சராசரியாக 39 நாள். நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு 49 நாள் பக்கம் ஆனது. ஓயாத கவலையும் கண்விழிப்பும் உடம்பின் எதிர்ப்பு சக்தியையே மந்தமாக்குகின்றன. அம்மாவின் கணுக்கால் தழும்பை இப்போது பார்த்தாலும் எனக்கு அந்தப் பத்து நாள்தான் ஞாபகம் வருகிறது.

நம் பேச்சில் இதெல்லாம் புதிது இல்லை. வயிறு எரியுது, நெஞ்சு அடைக்குது, ரத்தம் கொதிக்குது, கை கால் ஓடல என்றுதானே சொல்கிறோம். துக்க வீட்டில் ஒப்பாரி வைக்கிற கிழவிகள் மார் வெடிச்சுப் போகுதே என்று பாடும்போது அது வெறும் பாட்டு என்று நினைத்திருந்தேன். பெரிய துக்கத்தில் இதயத்தின் ஒரு பகுதி திடீரென்று பலூன் மாதிரி உப்பி, மாரடைப்பு போலவே வலிக்கும் ஒரு நிலை இருக்கிறது. 1990-ல் ஜப்பான் மருத்துவர்கள் அதற்கு டாக்கோட்சுபோ என்று பெயர் வைத்தார்கள். அங்கே ஆக்டோபஸ் பிடிக்கிற பானைக்குப் பெயர் அது; உப்பிய இதயம் அந்தப் பானை மாதிரி இருந்ததாம். நம் கிழவிகள் சரியாகத்தான் பாடியிருக்கிறார்கள்.

சரி, அப்படியானால் எல்லாமே மனசுதானா? இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பக்கத்துத் தப்பை நானே செய்திருக்கிறேன்.

என் தங்கச்சிக்கு இரண்டாவது பிரசவம் முடிந்து நாலு மாதம் இருக்கும். எந்நேரமும் படுத்தே கிடந்தாள். காரணமில்லாமல் அழுதாள், முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, சித்திரை வெயிலிலும் போர்த்திக்கொண்டு படுத்தாள். குழந்தை அழுதாலும் எழ மாட்டாள். மாமியார் வீட்டில் காத்து கருப்பு என்று மந்திரித்துத் தாயத்துக் கட்டினார்கள். படித்தவள் நான் என்ன செய்தேன்? "மனச தைரியமா வெச்சுக்க, பாசிட்டிவா யோசி" என்று போனில் பாடம் எடுத்தேன். கடைசியில் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில் ஒரு நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தைராய்டு பார்க்கச் சொன்னார். பார்த்தால் டி.எஸ்.எச்., அதாவது தைராய்டு குறையும்போது ரத்தத்தில் ஏறுகிற ஹார்மோன், எங்கேயோ இருந்தது. தினம் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. இரண்டு மாதத்தில் எங்கள் பழைய தங்கச்சி திரும்பி வந்துவிட்டாள். தாயத்துக்கும் என் பாடத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று அன்றைக்குத்தான் உணர்ந்தேன். அவளிடம் மன்னிப்பும் கேட்டேன்.

தைராய்டு குறைந்தால், ரத்தசோகை இருந்தால், பி12 குறைந்தால் மனசு சோர்ந்து போகும். அதைப் பார்க்காமல் மனசு மனசு என்று சொல்லிக்கொண்டிருப்பதும் அநியாயம். அல்சர் கதை எல்லாருக்கும் தெரிய வேண்டிய கதை. கவலைப்பட்டால் குடல் புண் வரும் என்றுதான் ரொம்ப காலம் சொல்லி வந்தார்கள். ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1980-களில், பெரும்பாலான அல்சருக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் என்ற பாக்டீரியா என்று காட்டினார்கள். யாரும் நம்பாததால் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்துக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதுவரை எத்தனை பேரிடம் "கவலைய விடுங்க, சரியாகிடும்" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள்! அதே மாதிரிதான், நல்லதே நினைத்தால் சுகர் குறையும், கேன்சர் கரையும் என்று வாட்ஸ்அப்பில் வருவதும். நோய் குணமாகாவிட்டால் பழி நோயாளி மேல் விழும். தயவுசெய்து அதையெல்லாம் ஃபார்வர்டு செய்யாதீர்கள்.

என் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். சிரிப்பு வந்தால் முதலில் கைதான் வாய்க்குப் போகும், பிறகுதான் சிரிப்பான். பல்லில் பழுப்புக் கறை. நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, போர் தண்ணீரில் இருக்கிற ஃபுளோரைடு. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. ஈறுக்குள் பல் உருவாகி வருகிற வயதில் அது அதிகமாக உள்ளே போனால் விழுகிற கறை, தேய்த்தாலும் போகாது. போர் தண்ணீருக்குப் பதிலாக 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததை நான் பெரிய மனநலத் திட்டம் என்றே சொல்வேன். யாரும் அதை அப்படிச் சொல்வதில்லை. அந்தப் பையன் நன்றாகப் படிப்பான், ஆனால் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் மட்டும் வயிறு வலிக்கிறது என்பான். நான் முன்பெல்லாம் சாக்கு என்று நினைத்தேன். இப்போது நம்புகிறேன். குடலுக்கும் மூளைக்கும் நடுவே ஓடும் வேகஸ் நரம்பில் பெரும்பாலான இழைகள் கீழிருந்து மேலேதான் சேதி கொண்டு போகின்றன. அவன் வயிறு நிஜமாகவே பிசைகிறது. இப்போது அவனை உட்கார்ந்த இடத்திலேயே வாசிக்கச் சொல்கிறேன், பக்கத்தில் போய் நின்றுகொள்கிறேன். வாசிக்கிறான்.

அம்மாவை தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போக இரண்டு மாதம் பிடித்தது. "எனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டார். ஊரில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டுதான் வந்தார். அங்கே இருந்த டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டை எல்லாம் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உங்க இதயத்துல கோளாறு இல்லம்மா, அது நல்ல சேதி. ஆனா அது வேகமா அடிக்கறது நெஜம். நீங்க பொய் சொல்லல." அம்மா அங்கேயே அழுதுவிட்டார். அப்பா செத்தபோதுகூட அப்படி அழவில்லை.

மாத்திரை கொடுத்தார்கள், மூச்சுப் பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். மூச்சை விடும்போது அதே வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்குகிறது. கண்ணை மூடி உட்காரச் சொன்னால் அம்மாவுக்கு ஒத்துவரவில்லை. மாசியில் புளி தட்ட உட்கார்ந்தபோது அவராகவே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார். ஓட்டை உடைக்கும்போது இழுப்பது, கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டே விடுவது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பழத்துக்கு ஆறேழு கொட்டை, அத்தனைக்கும் ஒரே மூச்சு.

நெஞ்சு வலி என்றால் முதலில் இ.சி.ஜி. எடுங்கள், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. நார்மல் என்று வந்த பிறகும் வலிக்கிறது என்று வீட்டில் ஒருத்தர் சொன்னால், எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது என்று கேளுங்கள். வீட்டில் கேட்க ஆள் இல்லாதவர்களுக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது, டெலி மானஸ், எந்த நேரமும் தமிழில் பேசலாம். வீடு வீடாக வந்து பிரஷர் பார்க்கிற அந்தப் பெண்களின் நோட்டில் தூக்கத்துக்கும் ஒரு கட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. கேட்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

தம்பி போன மாதம் மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டிவிட்டான். அம்மாவுக்கு இன்னும் வாரத்தில் இரண்டு நாள் இரண்டு மணிக்கு முழிப்பு தட்டுகிறது. எழுந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, தூரத்தில் மோட்டார் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துவிட்டு, மறுபடி படுத்துக்கொள்கிறாராம். வருகிற வியாழக்கிழமை மறுபடி தர்மபுரி போக வேண்டும். நான் லீவு போட்டிருக்கிறேன்.