ஹிர்ஷரை ஒலிம்பிக் தராசில் நிறுக்காதீர்கள்

குளிர்கால ஒலிம்பிக் நெருங்கினால் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும்: "இவர் எத்தனை தங்கம் வாங்கியிருக்கிறார்?" பனிமலைச் சரிவில் சறுக்கி இறங்கும் ஆல்பைன் ஸ்கீ பந்தயத்துக்கு இதைவிட மோசமான அளவுகோல் கிடையாது. ஆஸ்திரியாவின் மார்சல் ஹிர்ஷர் 2018 பிப்ரவரி வரை ஒரு ஒலிம்பிக் தங்கம்கூட வாங்கியதில்லை. அதற்குள் உலகக் கோப்பையின் ஒட்டுமொத்தப் பட்டத்தை 2012 முதல் 2017 வரை, வரிசையாக ஆறு முறை வென்றுவிட்டார். பிறகு இன்னும் இரண்டு. மொத்தம் எட்டு, இடையில் ஒரு வருடம்கூட விடாமல். என் கணக்கில் இந்த விளையாட்டில் அதைவிடப் பெரிய சாதனை இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

உலகக் கோப்பை அக்டோபர் கடைசியில் ஆஸ்திரியாவின் ஸோல்டனில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. ஒவ்வொரு பந்தயத்திலும் முதலிடத்துக்கு 100 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 80, மூன்றாமிடத்துக்கு 60. அப்படியே இறங்கிப் பத்தாமிடத்துக்கு 26, முப்பதாமிடத்துக்கு 1. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. பாதையை முடிக்காமல் போனாலும் ஒன்றுமில்லை. நெருக்கமாக நட்ட கம்பங்களைச் சுற்றி வளைந்து இறங்கும் ஸ்லாலம், கம்பங்கள் தள்ளித் தள்ளி இருக்கும் ஜயன்ட் ஸ்லாலம், வேகப் பந்தயங்களான சூப்பர்-ஜி, டவுன்ஹில் என எல்லா வகைப் புள்ளிகளையும் கூட்டி, அதிகம் வைத்திருப்பவருக்குப் பெரிய கிரிஸ்டல் உருண்டை. தனித்தனி வகையில் முதலிடம் பிடிப்பவருக்குச் சிறிய உருண்டை. ஹிர்ஷர் முக்கியமாக ஓடியது ஸ்லாலமும் ஜயன்ட் ஸ்லாலமும்தான். டவுன்ஹில் புள்ளிகளை ஒவ்வொரு குளிர்காலமும் எதிராளிகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் அவர் கணக்கைத் தொடங்கினார். 2012இல் வேகப் பந்தயக்காரரான சுவிட்சர்லாந்தின் பியாட் ஃபாய்ஸை அவர் முந்தியது வெறும் 25 புள்ளியில். ஐந்து மாத உழைப்பின் வித்தியாசம், ஒரே ஒரு பத்தாமிடத்தைவிடக் குறைவு!

ஸ்லாலத்தில் தொடர்ந்து முடிப்பது எவ்வளவு கடினம் என்பது டிவியில் தெரியாது. ஆண்களுக்கான பாதை 180 முதல் 220 மீட்டர் வரை கீழிறங்கும். அதற்குள் அறுபதுக்கும் மேற்பட்ட திருப்பங்கள். ஒரு நிமிடத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். ஒத்திகை கிடையாது. காலையில் பாதை ஓரமாகச் சரிந்து இறங்கியபடி பார்த்து மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான். இரண்டாம் சுற்றுக்கு வேறொரு பயிற்சியாளர் வந்து கம்பங்களை வேறு மாதிரி நட்டுவிடுவார், மறுபடியும் மனப்பாடம். இதில் பெரும்பாலானவர்களைக் கவிழ்ப்பது விழுவது அல்ல, கம்பத்தைக் கவட்டைக்குள் விட்டுவிடுவது. இரண்டு கால்களும் இரண்டு ஸ்கீ முனைகளும் கம்பத்தின் சரியான பக்கமாகப் போக வேண்டும் என்பது விதி. நேரத்தை மிச்சப்படுத்த வேண்டுமென்றால் கம்பத்தின் அடிவேரை உரசிக்கொண்டு போய், முழங்கால் காப்பாலும் கைப்பிடிக் காப்பாலும் அதை இடித்துத் தள்ள வேண்டும். அந்த உரசலில் உள்பக்க ஸ்கீயின் முனை இரண்டு விரற்கடை தவறினாலும் அவ்வளவுதான், தகுதி நீக்கம்.

2018 பியாங்சாங்கில் நடந்ததே இதற்குச் சாட்சி. ஹிர்ஷர் ஒரு டவுன்ஹிலும் ஒரு ஸ்லாலமும் சேர்ந்த கம்பைண்டிலும் ஜயன்ட் ஸ்லாலத்திலும் தங்கம் வாங்கினார். ஸ்லாலத்தில் முதல் சுற்றையே முடிக்கவில்லை. முதல் சுற்றில் முன்னணியில் இருந்த நார்வேயின் ஹென்ரிக் கிறிஸ்டோஃபர்சன் இரண்டாம் சுற்றில் வெளியேறினார். தங்கம் சுவீடனின் ஆந்த்ரே மிரருக்கு. மிரர் அருமையான வீரர், அவர் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குளிர்கால ஸ்லாலம் உருண்டை ஹிர்ஷரிடம்தான் போனது. 2017 ஆகஸ்டில் பயிற்சியில் கணுக்கால் முறிந்தவர் அதே பருவத்தில் 13 உலகக் கோப்பைப் பந்தயங்களை வென்றார். ஒரு பருவத்தில் ஆண்கள் எட்டிய உச்சமே அதுதான்; சுவீடனின் ஸ்டென்மார்க்கும் ஆஸ்திரியாவின் ஹெர்மன் மையரும் முன்பு தொட்ட எண். அவரை அந்த ஒரு பிப்ரவரி காலையை வைத்தா அளப்பது?

அடுத்தது கருவி. இதைப் பேசாமல் ஹிர்ஷரைப் பேசவே முடியாது.

ஸ்கீயின் இடுப்பு குறுகி, இரு முனைகளும் அகன்றிருக்கும். அந்த ஓர வளைவை அப்படியே நீட்டி வட்டமாக்கினால் கிடைக்கும் ஆரம்தான் அதன் குணத்தைத் தீர்மானிக்கிறது. ஆரம் சிறியதென்றால் ஸ்கீ தானாகத் திரும்பும். பெரியதென்றால் ஆள்தான் திருப்ப வேண்டும். ஆண்கள் ஜயன்ட் ஸ்லாலம் ஸ்கீக்குக் குறைந்தபட்ச ஆரம் 27 மீட்டராக இருந்தது. முழங்கால் காயங்களைக் குறைக்க 2012-13 பருவத்தில் அதை 35 மீட்டராக்கினார்கள். அமெரிக்காவின் டெட் லிகட்டி அந்த விதியைக் கடுமையாக எதிர்த்தவர். எதிர்த்தவரே முதலில் அதைப் பழகி, 2012 ஸோல்டனில் 2.75 நொடி வித்தியாசத்தில் வென்றார். நூறில் ஒரு பங்கு நொடியில் இடம் மாறும் விளையாட்டில் அது நம்ப முடியாத இடைவெளி. அன்று ஹிர்ஷர் மூன்றாமிடம். 2013, 2014 இரண்டு வருடமும் ஜயன்ட் ஸ்லாலம் உருண்டை லிகட்டிக்கே. 2014இல் இருவரும் புள்ளியில் சமம், அதிக வெற்றிகள் என்ற கணக்கில் லிகட்டிக்குப் போனது. பிறகு 2015 முதல் 2019 வரை ஐந்தும் ஹிர்ஷருக்கு. நடுவில், 2017-18இல், ஆரத்தை மறுபடி 30 மீட்டராகக் குறைத்தார்கள். 27, 35, 30 என்று மூன்று ஸ்கீயிலும் உருண்டை வென்றிருக்கிறார். இதற்குப் பின்னால் இருப்பது மலைமேல் மாதக்கணக்கில் செய்த சோதனை.

அந்தச் சோதனை எவ்வளவு நுணுக்கமானது என்றால், ஸ்கீ பூட்ஸின் சாய்வை அரை டிகிரி மாற்றுவார்கள், பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கை சில மில்லிமீட்டர் முன்னே பின்னே நகர்த்துவார்கள். ஸ்கீ, அதன்மேல் பொருத்தும் பிளேட், பைண்டிங் சேர்ந்த உயரம் 50 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. பூட்ஸின் அடிப்பாகம் 43 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. உயரம் கூடினால் உடம்பை நன்றாகச் சாய்க்கும்போது பூட்ஸ் பனியில் தட்டாது, ஆனால் முழங்காலில் விழும் நெம்புவிசை ஏறும். அதனால்தான் இந்த வரம்பு.

ஸ்கீயின் ஓரத்து உலோக விளிம்பான எட்ஜைத் தீட்டுவது, கருவியைப் பராமரிக்கும் சர்வீஸ்மேனின் வேலை. பந்தயப் பாதையில் தண்ணீரை அழுத்தத்தோடு உள்ளே செலுத்தி உறைய வைத்திருப்பார்கள். அது பனி இல்லை, பளிங்குத் தரை. பக்கவாட்டு எட்ஜை 87 டிகிரிக்கோ அதற்கும் கூர்மையாகவோ அரத்தால் தீட்டி, அடிப்பக்கத்தை அரை டிகிரி அளவுக்குத் தளர்த்தி, டயமண்ட் கல்லால் மெருகிட வேண்டும். நகத்தை அதன்மேல் லேசாக இழுத்தால் வெள்ளையாகச் சீவல் வர வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பிசிறு மிச்சமிருந்தால் ஸ்கீ நடுத் திருப்பத்தில் வெடுக்கென்று பிடித்து ஆளைத் தூக்கி எறியும். முனையில் கூர் அதிகமானால் திருப்பம் தொடங்கும் முன்பே உள்ளே இழுக்கும். மழுங்கினாலோ, கால் தரையைத் தேடிக்கொண்டே கீழே போகும்.

கடைசியாக, ஸ்டார்ட் நம்பர், அதாவது எத்தனையாவது ஆளாக இறங்குவது என்பது. ஸ்லாலத்திலும் ஜயன்ட் ஸ்லாலத்திலும் தரவரிசையின் முதல் ஏழு பேருக்குள் குலுக்கல், அடுத்து 8 முதல் 15 வரை இன்னொரு குலுக்கல், 30 வரை தரவரிசைப்படி, அதன் பிறகு சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பான எஃப்.ஐ.எஸ். தரும் புள்ளிப்படி. அந்தப் புள்ளி குறையக் குறைய நல்லது. ஸ்லாலத்தில் முதலிடக்காரர் 100 நொடியில் முடித்து நீங்கள் 102 நொடியில் முடித்தால், 730ஐ 0.02ஆல் பெருக்கி 14.6. அதோடு பந்தயத்தின் தரத்துக்கேற்ற கூடுதல் புள்ளியும் சேரும். எண் 45இல் இறங்குபவருக்கு ஒவ்வொரு கம்பத்தடியிலும் முன்னால் இறங்கியவர்கள் கிளறிவிட்ட குழி காத்திருக்கும். அதில் முதல் 30க்குள் வந்தால்தான் இரண்டாம் சுற்றே. இளம் வீரர்களில் பலரின் வாழ்க்கை இந்தக் கதவுக்கு வெளியேதான் முடிகிறது.

2019 செப்டம்பரில் ஓய்வு பெற்ற ஹிர்ஷர், 2024 அக்டோபரில் தன் தாயின் நாடான நெதர்லாந்துக்காகத் திரும்பி வந்தார். அதே ஸோல்டன். எட்டு பெரிய உருண்டை வென்றவருக்குக் கிடைத்தது முப்பதுக்குப் பிந்தைய எண், அதுவும் சிறப்பு அனுமதியில். கிழிந்து கிடந்த பாதையில் இறங்கி இரண்டாம் சுற்றுக்குத் தகுதி பெற்று 23ஆம் இடத்தில் முடித்தார். டிசம்பரில் பயிற்சியில் முழங்கால் தசைநார் அறுந்து அந்தப் பருவம் முடிந்துபோனது. பதக்கப் பட்டியலில் அந்த 23ஆம் இடம் எங்கும் வராது. 35 வயதில், ஐந்து வருட இடைவெளிக்குப் பிறகு, அந்த எண்ணோடு அந்தக் குழிகளில் இறங்கியதை நான் அவருடைய பெரிய ஓட்டங்களில் ஒன்றாகவே வைக்கிறேன்.