டோர்செட்ஷயர் மூழ்கியதில் கர்மாவைத் தேடாதீர்கள்

1942-இல் ஜப்பானியக் குண்டுகளில் மூழ்கிய டோர்செட்ஷயர் என்ற பிரிட்டிஷ் குரூசர் போர்க்கப்பலைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும், "வினை விதைத்தவன் வினை அறுப்பான்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். போன வாரம் எனக்கு நெருங்கிய நண்பரே சொன்னார். அவரிடம் நேரில் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவர்கள் எதை வினை என்கிறார்கள் என்று பார்ப்போம். 1941 மே 27. அட்லாண்டிக்கில் ஜெர்மனியின் பிஸ்மார்க் போர்க்கப்பல் எரிந்துகொண்டிருக்கிறது. கடைசி டார்பிடோக்களை விட்டது டோர்செட்ஷயர்தான். பிஸ்மார்க் கவிழ்ந்ததும் நூற்றுக்கணக்கான ஜெர்மன் மாலுமிகள் தண்ணீரில். டோர்செட்ஷயர் நின்று, பக்கவாட்டில் கயிறுகளை இறக்கியது. கடல் கொந்தளிப்பு. கை முழுக்க எண்ணெய், கயிற்றைப் பிடித்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. எண்பத்துச் சொச்சம் பேரை ஏற்றியிருப்பார்கள், அப்போது நீர்மூழ்கி இருப்பதுபோல் தெரிகிறது என்று எச்சரிக்கை வந்தது. கேப்டன் மார்ட்டின் எஞ்சினை ஓட்டச் சொல்லிவிட்டார். கயிற்றில் தொங்கியவர்கள் தொங்கியபடியே விடுபட்டுப் போனார்கள். பிஸ்மார்க்கில் இருந்த 2,200-க்கும் மேற்பட்டவர்களில் பிழைத்தவர்கள் ஏறக்குறைய 115 பேர்தான்.

அதே வருடம் டிசம்பர் 1, தெற்கு அட்லாண்டிக். ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்கு எண்ணெய் கொடுக்கும் பைத்தான் என்ற கப்பலை டோர்செட்ஷயர் மடக்கியது. ஜெர்மானியர்கள் தாங்களே கப்பலை மூழ்கடித்துவிட்டுப் படகுகளில் இறங்கினார்கள். பக்கத்தில் நீர்மூழ்கிகள் இருக்கும் என்பதால் டோர்செட்ஷயர் அவர்களை ஏற்றாமலேயே போய்விட்டது. இந்த முறை நீர்மூழ்கிகளே வந்து அவர்களைக் காப்பாற்றிக் கூட்டிப்போயின.

சரி, இரண்டு முறை விட்டுவிட்டுப் போன கப்பல். ஆனால் ஒரு கப்பலை நிறுத்திவிட்டுக் கடலில் நிற்பது என்றால் என்ன என்று யோசியுங்கள். ஒரே ஒரு டார்பிடோ போதும், உள்ளே இருக்கும் எழுநூறு பேருக்கும் முடிவு. மார்ட்டின் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கயிற்றை விட்டுப் போனவர்களை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. அதற்காக அவரைக் கொலைகாரன் என்று சொல்ல எனக்கு நா வரவில்லை.

இப்போது 1942. இடம் நமக்குப் பக்கத்துக் கடல். கேப்டன் இப்போது அகஸ்டஸ் ஏகர். 1919-இல் ஒரு சின்ன மோட்டார் படகில் போய் ரஷ்யக் குரூசர் ஒன்றை டார்பிடோவால் மூழ்கடித்து பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் வாங்கியவர். டோர்செட்ஷயர் கொழும்பில் பழுதுபார்ப்பில் இருந்தது. விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளைக் கூட்டும் திட்டமும் இருந்தது. ஜப்பானியர் ஏப்ரல் 1 வாக்கில் வருவார்கள் என்ற தகவலால், வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு பிரிட்டிஷ் அட்மிரல் சோமர்வில்லின் கப்பல் படையோடு சேர்ந்தது. ஏப்ரல் 2 வரை ஜப்பானியர் வரவில்லை. சரி, வரமாட்டார்கள் என்று முடிவுசெய்து, மீதி வேலையை முடிக்கச் சொல்லி டோர்செட்ஷயரைத் திரும்பக் கொழும்புக்கே அனுப்பினார் சோமர்வில். கூடவே கார்ன்வால் என்ற இன்னொரு குரூசர்.

என் கோபம் எல்லாம் இந்த முடிவின் மேல்தான். 4-ஆம் தேதி கனடா விமானி பர்ச்சால் ஜப்பானியப் படையைப் பார்த்துச் செய்தி அனுப்பினார். உடனே கொழும்புத் துறைமுகத்தைக் காலி செய்தார்கள். இரண்டு குரூசர்களும் அன்று இரவு பத்து மணிக்குக் கிளம்பின. துணைக்கு ஒரு டெஸ்ட்ராயர் (காவலுக்கு வரும் சிறிய போர்க்கப்பல்) கிடையாது, தலைக்கு மேல் ஒரு விமானம் கிடையாது. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. பகல் ஒன்றரை மணிக்கு மேல் ஐம்பதுக்கும் அதிகமான ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள், துப்பாக்கிகள் சரியாகத் திரும்ப முடியாத முன்பக்கத்திலிருந்து, வெயிலை முதுகில் வைத்துக்கொண்டு பாய்ந்தன. எட்டே நிமிடத்தில் டோர்செட்ஷயர் இல்லை. கொஞ்ச நேரத்தில் கார்ன்வாலும் இல்லை.

அப்புறம் நடந்ததுதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எண்ணெய் மிதக்கும் தண்ணீரில். மிஞ்சிய படகுகளில் காயம்பட்டவர்கள், மற்றவர்கள் சுற்றிலும் பலகைகளைப் பிடித்தபடி. பூமத்திய ரேகை வெயில் தலையில் இறங்குகிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை. யாரும் தனியே நீந்திப் போய்விடாமல் ஏகர் தன் ஆட்களைக் கூட்டமாகவே வைத்திருந்தார். சோமர்வில் உடனே வரவில்லை. ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிகள் எங்கோ பக்கத்தில் இருக்கும்போது மொத்தப் படையையும் கொண்டுவந்து நிறுத்த முடியாது. மார்ட்டின் அட்லாண்டிக்கில் போட்ட அதே கணக்கு. யாரை விட்டு யாரைக் காப்பது என்ற கணக்கு.

இதைத்தான் கர்மா என்கிறார்கள். கயிற்றை விடச் சொன்ன மார்ட்டின் அன்று அந்தக் கப்பலிலேயே இல்லை. இரண்டு கப்பல்களிலும் சேர்த்து இறந்தவர்கள் 424 பேர். அவர்களில் கொதிகலன் அறையில் இருந்தவன், சமையல்கட்டில் இருந்தவன், பதினெட்டு வயதுப் பையன் யாரும் எஞ்சினை ஓட்டச் சொல்லவில்லை. கார்ன்வால் பிஸ்மார்க் பக்கம் போனதே கிடையாது. அந்தப் பையன் எந்த வினையை விதைத்தான்?

அந்த நாட்களை எங்கள் வீட்டில் வேறு மாதிரி கேட்டிருக்கிறேன். ஏப்ரல் 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்து, மெட்ராஸே மூட்டை கட்டியபோது என் பாட்டிக்குப் பதினொரு வயது. எழும்பூரில் ரயிலுக்குள் ஜன்னல் வழியாகத் தூக்கிப் போட்டார்களாம். "கடல்லேர்ந்து வர்றான்" என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும். அதே 6-ஆம் தேதி தெற்கே அந்தக் கடலில், முப்பது மணி நேரம் கழித்து, எண்டர்பிரைஸ் என்ற குரூசரும் பாலடின், பாந்தர் என்ற இரண்டு டெஸ்ட்ராயர்களும் வந்தன. நின்றால் ஆபத்து என்று அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் நின்றார்கள். தூக்கி ஏற்றியவர்கள் 1,122 பேர்.